நாலாயிரம் வார்த்தையை ரெண்டாயிரம் ஆக்கிட்டாங்க. இது இன்னும் என் கதைதானா?

குடமுருட்டிக்கரை | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்துல கிராமம். ரைஸ் மில்லுல கணக்கு எழுதுறேன். மூணு வருஷமா கதையும் எழுதுறேன். பதினோரு கதை ஆச்சு, ஒண்ணுகூட அச்சுல வரலை. போன தையில ஒரு இதழுக்கு அனுப்பினதுக்கு இருக்கு, இல்லைன்னு ஒரு வரி பதில்கூட இல்லை. சரின்னு தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட குடுத்தேன். நிறைய படிக்கிறவர். 3,900 வார்த்தையை 2,050 ஆக்கித் திருப்பிக் குடுத்தார். ரெண்டு நாள் அவரோட பேசவே இல்லை நான்.

நான் எழுதின முழுக் கதையை இதோட இணைச்சிருக்கேன். சுருக்கம் இதுதான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற முத்தையன் கடனை அடைக்கிறதுக்காக அப்பாவோட மூணு மா (ஒரு ஏக்கர்) நிலத்தை விலை பேசி, அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு ஊருக்கு வர்றான். அப்பா வேண்டாம்னு சொல்லலை. ராத்திரி டிவியில மேட்டூர் திறந்த செய்தியைப் பார்த்துட்டுப் படுத்துடறார். காலையில ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிடலாம்னு தேடினா ஆள் வயல்ல நிக்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் நாற்றங்கால் பச்சைப் பசேல்னு இருக்கு. அதோட முடியுது.

அண்ணன் முதல் ரெண்டு பக்கத்தை அப்படியே எடுத்துட்டார். ஆரம்பம் இப்படி இருந்துச்சு:

"அது ஒரு அழகான காலைப்பொழுது. கதிரவன் தன் பொற்கரங்களால் வயல்வெளிகளைத் தழுவிக்கொண்டிருந்தான். ஒரு பேருந்து புழுதியைக் கிளப்பியபடி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கனத்த இதயத்தோடு முத்தையன் இறங்கினான். அவன் கண்களில் ஒரு இனம்புரியாத சோகம் குடிகொண்டிருந்தது. அவன் தன் கையில் இருந்த பையை ஒரு முறை பார்த்தான். அவன் மனம் பின்னோக்கிச் சென்றது."

இந்த இடத்துல எங்க சித்தி கண்ணு கலங்கினாங்க. இதை எப்படி எடுக்கலாம்? வெட்டினா அது எடிட்டிங்கா, இல்லை வேற ஆளோட கதையா?


மாயவரத்தான் | ஞாயிறு, இரவு 10.05

சித்திக்கு வணக்கம் சொல்லுங்க. ஆனா அவங்க கலங்கினது உங்களுக்காக, முத்தையனுக்காக இல்லை.

நான் சென்னையில விளம்பரத்துக்கு எழுதிப் பிழைக்கிறவன். முப்பது நொடிக்குள்ள சொல்லணும்ங்கிற வேலை. அந்தக் கண்ணால பார்த்தா ஏழு வாக்கியத்துல அஞ்சு 'ஒரு' இருக்கு. 'ஒரு முறை'யை முழுசாவும் மத்த நாலு 'ஒரு'வையும் எடுத்துட்டுப் படிங்க, எதுவும் குறையாது. தமிழ்ல பேருந்து வந்து நின்னுதுன்னாலே ஒண்ணுதான் வந்துச்சுன்னு அர்த்தம். இந்த 'ஒரு' மொழிபெயர்ப்புக் கதைகள் வழியா நம்ம கைக்குள்ள புகுந்தது. எனக்கும் இருந்துச்சு. இப்பவும் எழுதி முடிச்சதும் 'ஒரு'ன்னு தேடிப் பார்த்து பாதியை அழிப்பேன்.

அப்புறம் அந்த இனம்புரியாத சோகம். அதோட இனத்தைப் புரிஞ்சு சொல்றதுக்குத்தானே உங்களைக் கதை எழுதச் சொன்னது?


வெண்ணாறு | ஞாயிறு, இரவு 10.50

மாயவரத்தான் கொஞ்சம் மெதுவா. தம்பி புதுசு.

நான் மன்னார்குடி பக்கம் தமிழ் டீச்சர். 'ஒரு'வை விட எனக்கு உறுத்தினது வேற. ஒவ்வொரு வாக்கியமும் எதுல முடியுதுன்னு மட்டும் பாருங்க தம்பி. முதல் வரியை விட்டுடுங்க. தழுவிக்கொண்டிருந்தான், நின்றது, இறங்கினான், குடிகொண்டிருந்தது, பார்த்தான், சென்றது. ஆன், து, ஆன், து, ஆன், து. கதிரடிக்கிற மெஷின் சத்தம் கேட்குதா?

இது உங்க குறை மட்டும் இல்லை, நம்ம மொழியோட அமைப்பு அப்படி. வினை கடைசியில வந்து உட்காரும். அதனால தமிழ்ல எழுதுறவங்களுக்கு இந்த ஓசைத் தொல்லை எப்பவும் உண்டு. சமாளிக்க வழியும் மொழியிலேயே இருக்கு. பேச்சில எப்படிச் சொல்வோம்? "வந்துட்டான் முத்தையன்"னு வினையை முன்னால தூக்கிப் போடுவோம். வினையே இல்லாம "கையில ஒரே பைதான்"னு முடிப்போம். எச்சத்துல கோத்துக்கிட்டே போய் "இறங்கி, பணத்தைத் தொட்டுப் பார்த்து, வேட்டியை இறக்கிவிட்டு நடந்தான்"னு மூணு வாக்கியத்தை ஒண்ணாக்குவோம்.

இன்னொண்ணு, 'இறங்கினான்'லயே அவன் இருக்கான். வினையே ஆளைக் காட்டிடுறப்ப வரிக்கு வரி அவன், அவன்னு எதுக்கு? அண்ணன் எடுத்தது சரி. ஆனா மொத்தத்தையும் எடுத்திருக்க வேண்டாம். அந்தப் பையைப் பார்க்கிற வரி உயிருள்ள வரி. நானா இருந்தா:

"பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான் முத்தையன். பணம் இருந்தது."

எப்படி எழுதணும்னு சொல்லலை, எங்கே இறங்கலாம்னு காட்டினேன்.


கடைமடை | திங்கள், காலை 6.15

எனக்கு இலக்கியம் தெரியாது. தலைஞாயிறு பக்கம் விவசாயம். இந்த இழையைப் பேரன் காட்டினான்.

தம்பி, கதை எந்த வருஷம் நடக்குது? மேட்டூர் திறக்க ஜூன் 12 வழக்கமான தேதி, சரி. ஆனா 2022-ல மே 24-லயே திறந்தாங்க. 2024-ல ஜூலை 28. அந்த வருஷம் ஆத்துத் தண்ணியை நம்பினவனுக்குக் குறுவையே இல்லை. வருஷத்தைக் கதையில சொல்ல வேணாம், ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது, ராத்திரி மேட்டூர்ல திறந்தா காலையில உங்க அப்பன் வயல் எப்படிப் பச்சையாகும்? 2021-ல 12-ஆம் தேதி மேட்டூர், கல்லணை திறந்தது 16. அங்கேருந்து குடமுருட்டிக்கு வந்து, வாய்க்காலுக்கு வந்து, மடையைத் தொடணும். எங்க பக்கம் வர்றதைப் பத்திக் கேட்காதே, பேரைப் பார்த்தாலே தெரியும்.

சரி, போர்த் தண்ணின்னே வை. விதையை ஊறப்போட ஒரு நாள். வடிச்சு முளைகட்ட மூட்டம் போட ஒரு நாள். அப்புறம்தான் சேத்துல தெளிப்பே. கண்ணுக்குப் பச்சை தெரிய அதுக்கப்புறம் அஞ்சாறு நாள். ராத்திரி படுத்த மனுஷன் விடியறதுக்குள்ள எப்படிப் பண்ணினான்?

மூணாவது, கண்ணுக்கெட்டிய தூரம் நாற்றங்காலாம். மூணு மாவுக்கு எட்டு சென்ட் போதும் தம்பி. ஒரு வீட்டு மனை அளவு. அதுக்கு மேல விட்டா நாத்து விக்கிற யாவாரி.


குடமுருட்டிக்கரை | திங்கள், மதியம் 1.20

டீச்சர், ரொம்ப நன்றி. ஆன், து, ஆன், து இனிமே காதுல கேட்டுக்கிட்டே இருக்கும் போல.

கடைமடை அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா அந்தப் பச்சை உணர்ச்சிக்காக வெச்சது. கதைதானே, படிக்கிறவங்க நாள் கணக்கு பார்ப்பாங்களா?


கடைமடை | திங்கள், மதியம் 1.31

தஞ்சாவூர் ஜில்லாவுல பாதிப் பேர் பார்ப்பான். மீதிப் பேர் பார்த்துட்டு உன்கிட்ட சொல்லாம இருப்பான்.


மாயவரத்தான் | திங்கள், மதியம் 2.10

இதை நான் முழுசா ஆதரிக்கிறேன். போன மாசம் இங்கே ஒருத்தர் 1985-ல நடக்கிற கதை போட்டார். அதுல போலீஸ்காரர் "திருவாரூர் மாவட்டத்துக்கே தெரியும்"னு வசனம் பேசுவார். 1985-ல எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் பிரிஞ்சது 1991, திருவாரூர் 1997, எங்க மயிலாடுதுறை 2020. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு போலீஸ்காரர் சொன்ன எதையும் நான் நம்பலை. கதைக்கு அவர்தான் சாட்சி வேற.


பழைய புரூஃப் | திங்கள், இரவு 8.45

அன்பருக்கு. கும்பகோணத்து அச்சகங்களில் 31 வருடம் பிழை திருத்தியவன் நான். உங்கள் தலைப்புக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் ஈய எழுத்து. புரூஃபில் ஒரு சொல்லைச் சேர்த்தால், பத்தி முடிகிற வரை வரிகளைத் தள்ளித் தள்ளி மறுபடி கோக்க வேண்டும். எடுத்தாலும் அப்படியே. கம்பாசிட்டர் முறைப்பார். அதனால் ஆசிரியர்கள் அச்சகத்துக்கே வந்து உட்கார்ந்து, எடுத்த சொல்லின் நீளத்துக்கே இன்னொரு சொல்லைத் தேடுவார்கள். அரைமணி நேரம் ஒரு சொல்லுக்கு. இன்று அழிப்பதும் சேர்ப்பதும் விரல் நுனியில் இருப்பதால் யாரும் தேடுவதில்லை என்று ஒரு கிழவனின் புலம்பல். இதை நீங்கள் வெட்டிவிடலாம்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதுதான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1887-இல். ஏட்டுச் சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. பல இடத்து ஏடுகளை வாங்கி ஒப்பிட்டு, ஆசிரியர் எழுதியது எதுவாக இருக்கும் என்று பார்ப்பது அந்த வேலை. அங்கே பதிப்பாசிரியர் தன் சொல்லை நுழைத்தால் அது குற்றம். இதற்குத் தமிழில் பதிப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் கதையைக் கத்தரிப்பதற்கு? செப்பனிடுதல், செம்மையாக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வாயில் வருவது எடிட்டிங்தான். சொல் நிலைபெறாததற்குக் காரணம், அந்த வேலையே நம்மிடம் சரியாக நிலைபெறாததுதான் என்பது என் எண்ணம். பிழை திருத்த ஆள் வைத்தோம். கதையில் எங்கே தொய்வு என்று சொல்ல ஆள் வைக்கவில்லை. அந்த வேலையைச் செய்ததெல்லாம் நண்பர்கள். உங்கள் அண்ணனைப் போல.

ஆகவே ஒரே கேள்வி. வெட்டியவர் தன் சொந்த வாக்கியம் ஏதாவது சேர்த்தாரா?


குடமுருட்டிக்கரை | திங்கள், இரவு 9.02

ரெண்டு இடத்துல ஐயா. கடைசியில "மண் யாருக்கும் சொந்தமில்லை, நாம்தான் மண்ணுக்குச் சொந்தம்"னு முடிச்சிருந்தார். நடுவுல அப்பா அழற மாதிரி ஒரு வரி.


பழைய புரூஃப் | திங்கள், இரவு 9.20

அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். மீதமிருப்பது உங்கள் கதை. வெட்டியதெல்லாம் உங்களுக்குத் திரும்ப வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. எடிட் செய்பவர் கோடு போடலாம், ஓரத்தில் கேள்வி எழுதலாம். "இது எந்த வருடம்?", "விடிவதற்குள் எப்படிச் செய்தார்?" என்று கடைமடைக்காரர் கேட்டாரே, அதுதான் சரியான எடிட்டிங். அவர் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

ஒற்றுப் பிழை பற்றிப் பிறகு. ஒரு எடுத்துக்காட்டு மட்டும். மூன்றாம் பக்கத்தில் "கீரை கடை" என்று இருக்கிறது. கீரையைக் கடையச் சொல்கிறீர்களா, கடைக்குப் போகச் சொல்கிறீர்களா? அங்கே ஒரு 'க்' வேண்டும்.


கடைமடை | திங்கள், இரவு 9.24

என்னை எடிட்டர் ஆக்கிட்டாரு கும்மோணத்துக்காரர். பேரன் சிரிக்கிறான்.


மாயவரத்தான் | செவ்வாய், காலை 11.00

ஒரு சந்தேகம். "மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம்"னு இருக்கே, அந்த 'அதாவது' தேவையா? கோயம்புத்தூர்ல படிக்கிறவனுக்கு மா, குழி, வேலியெல்லாம் தெரியாதுதான். ஆனா முத்தையன் தனக்குத்தானே 'அதாவது' சொல்லிக்க மாட்டான்.


வெண்ணாறு | செவ்வாய், மாலை 5.30

வாங்குறவரைப் பேச வைக்கலாமே. அவர் வெளியூர்க்காரர்னா "மூணு மான்னா எத்தனை சென்ட்?"னு கேட்பார். "நூறு சென்ட் சார்"னு சொல்ற முத்தையனோட வாயிலேயே பாதிக் கதை இருக்கு. அப்பா பேசுறப்ப மா, மகன் விக்கிறப்ப சென்ட். விளக்கமும் ஆச்சு.

வட்டாரப் பேச்சு பத்தியும் ஒரு வார்த்தை. அம்மா பேசுற எல்லாத்தையும் காதுல விழற மாதிரியே எழுதியிருக்கீங்க தம்பி. ரெண்டு பக்கம் படிச்சா கண்ணு வலிக்குது. "இஞ்சாருங்க"ன்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், அடுத்த பத்து வரியை நாங்களே அந்தக் குரல்ல படிச்சுக்குவோம்.


மாயவரத்தான் | செவ்வாய், மாலை 5.52

இதுல டீச்சரோட எனக்கு உடன்பாடு இல்லை. அரைகுறையா எழுதினா அம்மா திடீர்னு பாடப் புத்தகம் மாதிரி பேசுவாங்க. எழுதினா முழுசா எழுதணும், கண்ணு பழகிடும்.


வெண்ணாறு | செவ்வாய், மாலை 6.10

உங்க கண்ணு பழகும். சேலத்துல படிக்கிறவங்க கண்ணு? சரி, இதுக்குத் தனி இழை போடுவோம், இங்கே தம்பி கதை நடக்குது.


அரசலாறு | புதன், இரவு 11.15

இங்கே முதல் தடவை எழுதுறேன். காரைக்காலுக்கு வேலைக்குப் போய் வர்ற பஸ்லதான் படிக்கிறது எல்லாம்.

கடைமடை ஐயா சொன்ன நாள் கணக்கு ரெண்டு நாளா மனசுல ஓடிட்டிருக்கு. நாத்து பச்சையா இருக்குன்னா, அப்பா விதை ஊறப்போட்டது முத்தையன் வர்றதுக்கு ஒரு வாரத்துக்கும் முன்னாடி. விலை பேசினதை முத்தையன் அப்பவே போன்ல சொல்லியிருப்பானா? சொல்லியிருந்தான்னா, விக்கப்போற நிலம்னு தெரிஞ்சே அவர் நாத்து விட்டிருக்கார். இதைத் தப்புன்னு திருத்தணுமா?


பழைய புரூஃப் | வியாழன், காலை 7.05

அம்மா, வணக்கம். 31 வருடத்தில் எனக்கு இது தோன்றியிருக்காது.


கடைமடை | வியாழன், காலை 7.40

அடேங்கப்பா. நான் குத்தம் கண்டுபிடிச்சேன், இந்தப் பொண்ணு கதையைக் கண்டுபிடிச்சிடுச்சு.

ஆனா நெசமாவே நடக்கிறதுதான். எங்க பெரியப்பா அட்வான்ஸ் வாங்கின வயலுக்கு அண்டை வெட்டிட்டு வந்தார். ஏன்னு கேட்டா, "வரப்பு என்னா பாவம் பண்ணுச்சு?"ன்னார்.


மாயவரத்தான் | வியாழன், காலை 9.15

அந்த வசனத்தை யாரும் தொடாதீங்க, நான் எடுத்துக்கப் போறேன்.


கடைமடை | வியாழன், காலை 9.18

விளம்பரத்துல போட்டா காசு குடு.


குடமுருட்டிக்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 10.30

மன்னிக்கணும், ஆறு நாளா காணாமப் போயிட்டேன். மில்லுல ஆடிட்டிங் ஒரு பக்கம். உண்மைக் காரணம் அரசலாறு அக்கா கேட்டது. படிச்சதும் கதையைத் திறக்கவே பயமா இருந்துச்சு. நான் எழுதின அப்பா ஒண்ணும் தெரியாத அப்பாவி. இவர் வேற ஆள்.

செஞ்சதைச் சொல்றேன். அண்ணன் வெட்டின பகுதியை எல்லாம் தனிக் கோப்புல போட்டு வெச்சேன். பத்துல ஒண்ணைக்கூடத் திரும்ப எடுக்கத் தோணலை. கதிரவனும் அங்கேதான் இருக்கான். அண்ணன் சேர்த்த ரெண்டு வரியை எடுத்துட்டேன். அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், சிரிச்சார். அப்புறம் கதையை மில்லு பிரிண்டர்ல அடிச்சு, ராத்திரி மாடியில சத்தமாப் படிச்சேன். எங்கெல்லாம் நாக்கு தடுக்குச்சோ அங்கெல்லாம் பொய் சொல்லியிருக்கேன்.

டிவிச் செய்தியை வெச்சிருக்கேன். ஆனா அப்பா போர்த் தண்ணியில ஏற்கெனவே நாத்து விட்டாச்சு, மேட்டூர் நடவுக்குத்தான். திருத்தின கதையை இணைச்சிருக்கேன். இப்ப கடைசிப் பகுதி:

மோட்டார் கொட்டகை தாண்டியதும் தெரிந்துவிட்டது. எட்டு சென்ட். மீதி நிலமெல்லாம் தரிசாகக் கிடக்க, மூலையில் அது மட்டும் பச்சை.

"எப்பப்பா விட்டீங்க?"

"ஆச்சு, எட்டு நாள்."

விலை முடிந்ததை முத்தையன் போனில் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அப்போது அப்பா "சரிப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீசுல இருக்கணும்."

"வரேன். மடையைக் கட்டிட்டு வரேன்."

குனிந்து மண்வெட்டியை எடுத்தார். தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.


மாயவரத்தான் | ஞாயிறு, இரவு 10.48

கடைசி வாக்கியத்தை எடுத்துடுங்க. மடையைக் கட்டப் போறார்னா தண்ணி ஓடுதுன்னுதானே அர்த்தம்? சலசலன்னு வேற.

மத்தபடி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. எனக்கு இது அபூர்வம்.


வெண்ணாறு | ஞாயிறு, இரவு 11.05

'சரிப்பா' எனக்குப் போதும். ஒருமுறைகூட அவர் அழலை, கவனிச்சீங்களா? 'ஒரு'வும் ஒண்ணுகூட இல்லை!


பழைய புரூஃப் | திங்கள், காலை 6.50

ஒற்றுகள் சரியாக உள்ளன. "தரிசாகக் கிடக்க" என்பதில் 'க்' விடாமல் போட்டதற்குத் தனி நன்றி. முதல் பக்கத்தில் பம்புசெட் என்கிறீர்கள், இங்கே மோட்டார் கொட்டகை. ஒரே இடம் என்றால் ஒரே பெயர் வையுங்கள்.


கடைமடை | திங்கள், காலை 7.10

எட்டு சென்ட் போட்டியே, சந்தோஷம்.

தம்பி, போன்ல சொல்லிப் பன்னெண்டு நாள். நாத்து விட்டு எட்டு நாள். நடுவுல நாலு. ஊறப்போட ஒண்ணு, மூட்டத்துக்கு ஒண்ணு. மீதி ரெண்டு நாள் உங்க அப்பன் என்ன பண்ணிட்டிருந்தான்?


குடமுருட்டிக்கரை | திங்கள், மதியம் 1.45

அண்ணே, நான் சும்மா ஒரு கணக்குக்குப் பன்னெண்டுன்னு போட்டேன். ஆனா நீங்க கேட்டதும் தெரிஞ்சிடுச்சு. முப்பது கிலோ விதைநெல் வாங்கக் கையில காசு இருந்திருக்காது. ரெண்டு நாளும் கடன் கேட்டு அலைஞ்சிருப்பார்.

இதை எழுதணுமா, விட்டுடணுமா?


அரசலாறு | திங்கள், இரவு 9.30

முத்தையனுக்குத் தெரிய வேண்டாம். ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அவங்க காதுல தோடு இருக்கான்னு பாருங்க.